நீளக் கால் வண்டியும் மும்பை மழையும்

மும்பைக்கு ஜூன் 11 வாக்கில் பருவமழை இறங்கும் என்பது வானிலைத் துறைக் கணக்கு. அதற்கு முன்பே ஆன்டாப் ஹில்லில் எங்கள் கட்டடத்துக்காரர்கள் நீல தாட்பத்ரி (தார்ப்பாய்) வாங்கி மாடியில் கட்டிவிடுவார்கள், நான் வண்டிக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்துவிடுவேன். ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் 350 பைக்கை வெட்டி ஒட்டிச் செய்த சாப்பர், அதாவது முன் கால் நீண்டு சாய்ந்து நிற்கும் வண்டி. முன் சக்கரத்தைப் பிடித்து ஏறி இறங்கும் இரண்டு கால்தான் ஃபோர்க், அதன் பைப் கம்பெனி பைப்பைவிட 6 அங்குலம் நீளம், முன்னால் மட்கார்டு கிடையாது, ஒயரெல்லாம் ஹேண்டில்பாருக்குள்ளே, ஏர் ஃபில்டர் திறந்த வாயோடு பக்கவாட்டில் நிற்கும். மழைக்கென்று கம்பெனிக்காரன் யோசித்து வைத்ததை எல்லாம் கழற்றிப் போட்ட பிறகுதான் இந்த அழகு வந்திருக்கிறது, அதை மறந்துவிடக் கூடாது.

வாட்டர்ப்ரூஃப் பண்ண வேண்டும் என்றதுமே பலர் சிலிக்கான் ட்யூபைத் தேடுகிறார்கள். கண்ட ஓட்டையை எல்லாம் அடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2005 ஜூலை 26-ஐ ஒட்டி சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. கொட்டிய ஊர் இது. ஏதாவது ஒரு வழியாகத் தண்ணீர் உள்ளே போகத்தான் போகிறது. போனது வெளியே வர வழி இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

முதலில் ஃபோர்க். தாராவியில் என் வண்டியைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. ஆயில் சீல் (ஃபோர்க்குக்குள் இருக்கும் ஆயில் வெளியே வராமல் பைப்பைக் கவ்வியிருக்கும் ரப்பர் வளையம்) கசிகிறது என்று யார் வந்து நின்றாலும் சீலைப் பார்க்கவே மாட்டார், "பைப்ப நகத்தால தடவிப் பாருலே, சீலு என்ன பாவம் பண்ணுச்சு" என்பார். உண்மைதான். பைப்பின் மேல் பளபளவென்று இருக்கும் ஹார்டு குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய விரிசல்கள் உண்டு. கடலோர வொர்லி, மரைன் டிரைவ் பக்கம் ஒரு சுற்று போய்வந்தால் உப்பீரம் அந்த விரிசல் வழியாக அடியில் இருக்கும் எஃகைத் தொட்டுவிடும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் மழை நின்ற பிறகும் அந்த இடம் காயாது. குண்டூசி முனை அளவுக்கு ஒரு துருப்புள்ளி வந்தால் போதும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஃபோர்க் ஏறி இறங்கும்போது அது தேங்காய்த் துருவி மாதிரி சீலின் உதட்டைச் சீவும். புது சீல் போட்டாலும் சில வாரத்தில் அதே கசிவு திரும்ப வரும்.

இதில் சாப்பர்காரர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. பைப் எவ்வளவு நீளமாக இருந்தாலும் சீல் உரசுவது அடியில் இருக்கும் கொஞ்ச இடத்தில்தான். கேபிள் டை ஒன்றை டஸ்ட் சீலுக்கு (ஆயில் சீலுக்கு மேலே மண்ணைத் தடுக்கும் ரப்பருக்கு) மேலே பைப்பில் தானாக நழுவாத அளவுக்குக் கட்டிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், மும்பைப் பள்ளங்கள் அதை எவ்வளவு மேலே தள்ளியிருக்கின்றனவோ அதுவரைதான் உங்கள் உயிர்நாடி. என் வண்டியில் சஸ்பென்ஷன் நகர்வே மொத்தம் 130 மி.மீ.தான். அதற்கு மேலே வரும் புள்ளி கண்ணை உறுத்துமே தவிர ஆயிலைக் கசியவிடாது. கீழே வரும் புள்ளியை விடாதீர்கள். லேசானது என்றால் 2000 நம்பர் எமரி பேப்பரை எண்ணெயில் நனைத்து, தூக்கிக்கொண்டு நிற்கும் ஓரத்தை மட்டும் தட்டையாக்கலாம். பள்ளமாக இருந்தால் சுத்தமாகத் துடைத்து, அதில் ஒரு சொட்டு எபாக்ஸி வைத்து, காய்ந்ததும் பைப்போடு சமமாகத் தேய்க்க வேண்டும். நிறைய இருந்தால் பழைய குரோமை எடுத்துவிட்டு மறுபடி ஹார்டு குரோம் போட்டு கிரைண்டிங் செய்வதுதான் வழி, ஆனால் அலங்கார குரோம் போடும் பட்டறையில் கொடுத்துவிடாதீர்கள், அந்தப் பூச்சு மெல்லியது, இந்த உரசலைத் தாங்காது.

கசிகிற சீல் எல்லாம் போன சீல் இல்லை. உதட்டில் மண் சிக்கியிருந்தாலும் கசியும். டஸ்ட் சீலை நெம்பிக் கீழே இறக்கிவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை நீளமாக வெட்டி, நுனியில் ஒரு கொக்கி மாதிரி விட்டு, சீலுக்கும் பைப்புக்கும் நடுவே நுழைத்து ஒரு சுற்று இழுத்தால் கருப்பாக மண் வரும். துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், பல தடவை அதிலேயே கசிவு நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் தள்ளிப்போடக் கூடாது. வழிகிற ஆயில் டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் இறங்கினால் மழை ரோட்டில் முன் பிரேக் இல்லாமல் நிற்க வேண்டியதுதான். சீல் வாங்க நான் நாக்தேவி தெருவுக்குப் போவேன், பழைய சீலைக் கையில் கொண்டுபோனால் அளவு பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள்.

ஃபோர்க் ஆயில் விஷயத்தில் நீள பைப் கொஞ்சம் குழப்பும். கம்பெனி மேனுவலில் மேல் வாயிலிருந்து இத்தனை மி.மீ. கீழே ஆயில் நிற்க வேண்டும் என்று போட்டிருந்தால் அது கம்பெனி பைப்புக்கு மட்டும். நம்முடையது 6 அங்குலம் கூட, ஆகவே அதே அளவுக்கு ஊற்றினால் கம்பெனி மில்லியைவிட நிறைய ஆயில் போய்விடும். மில்லி கணக்கில் மட்டும் கம்பெனி அளவை ஊற்றினால் டேம்பிங் (ஃபோர்க் துள்ளாமல் அடங்குவது) சரியாக இருக்கும், ஆனால் மேலே காற்று இடம் கூடிப்போய் பெரிய பள்ளத்தில் ஃபோர்க் அடிவரை போய் முட்டும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, பைப்பை முழுக்க அமுக்கி வைத்து, கம்பெனி மில்லியில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டு காலிலும் ஒரே மட்டம் இருக்க வேண்டும், இதில் கண்திட்டம் வேண்டாம், ஸ்கேல் வைத்து அளக்கவும். ஸ்பிரிங்குக்கு மேலே நீளத்தை ஈடுகட்ட நம் ஊர் பட்டறைகளில் பிளம்பிங் கடை பி.வி.சி. பைப்பைத்தான் வெட்டிப் போடுவார்கள். அது ஒன்றும் தப்பில்லை, ஆனால் வெட்டு நேராக இருக்க வேண்டும், இரண்டு முனையிலும் வாஷர் வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், அந்தத் தூள் ஆயிலோடு கலந்து சுற்றும்.

அப்புறம், படுத்த கோணத்தில் நிற்கும் ஃபோர்க்கில் எடை பைப்பை வளைக்கப் பார்க்கும், உள்ளே பைப் உரசி நகரும் புஷ் என்கிற வளையம் ஒரு பக்கமாகத் தேயும். வடித்த ஆயில் மினுமினுப்பான சாம்பல் நிறத்தில் வந்தால் அது புஷ் தேய்ந்த உலோகம். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர். முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் ஆக்ஸிலை (சக்கர அச்சை) இறுக்கிப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டை முறுக்குமுன் முன் பிரேக்கைப் பிடித்து நாலு தடவை அமுக்கி எழுப்புங்கள், இரண்டு காலும் தாமாக நேராகிக்கொள்ளும். அதைச் செய்யாமல் முறுக்கினால் எந்த ஆயில் ஊற்றியும் ஃபோர்க் இறுகித்தான் கிடக்கும்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கின்றன. இன்ஷூரன்ஸில் சிக்கல் வந்தால் நீள பைப்தான் முதலில் கண்ணில் படும். புதிதாகச் செய்யப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

இனி வெளி வேலை. ஃபோர்க்குக்கு ரப்பர் கெய்ட்டர், அதாவது பைப்பை மூடும் மடிப்பு உறை, மாட்டச் சொல்கிறவர்கள் உண்டு. மாட்டலாம், ஆனால் அடியில் ஓட்டை இல்லாத கெய்ட்டர் வேண்டவே வேண்டாம். உள்ளே இறங்கிய தண்ணீர் சரியாக டஸ்ட் சீல் மேலேயே தேங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே பைப்பை அரிக்கும். அதைவிட ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு சின்ன மட்கார்டு மாட்டிவிடுங்கள். அழகு குறையும், குறையட்டும். சக்கரம் வாரியிறைக்கும் சேறு நேராகப் போய் விழுவது பைப்பிலும், ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டிலும்தான். கோன் செட்டுக்கு மழைக்கு முன்பே பழைய கிரீஸை வழித்துவிட்டுத் தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ் அடைத்துவிடுவேன். நீள ஃபோர்க் நெம்புகோலாக நின்று அந்த பேரிங்கை இடிப்பதால் அது கம்பெனி வண்டியைவிடச் சீக்கிரம் லூசாகும், பிரேக் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் டக்கென்று ஒரு சத்தம் கையில் தெரியும்.

ஒயரிங்கில் அந்த சிலிக்கான் ட்யூப் விஷயத்துக்கு வருகிறேன். ஹார்டுவேர் கடையில் சல்லிசாகக் கிடைக்கும், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், தாமிரம் பச்சை பிடித்துவிடும். கனெக்டருக்குள் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத, ஈரத்தைத் தடுக்கும் கிரீஸ்) போதும். லாமிங்டன் ரோட்டில் அதுவும் கிடைக்கும், உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கி ஒயரைக் கவ்வும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபும் கிடைக்கும். கனெக்டரின் வாய் கீழே பார்த்து இருக்கட்டும். ஒயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றினால் வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஹெட்லைட் கிண்ணத்தின் அடியில் ஓட்டை இல்லை என்றால் ஒன்று போடுங்கள், இருக்கிறது என்றால் அதில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பைப் இறங்கும் அடிக் குழாயான பாட்டம் கேஸ் அலுமினியம், அதில் போடுவது ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் மரையில் ஆன்டி-சீஸ் (போல்ட் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பசை) தடவாமல் போடாதீர்கள். உப்புத் தண்ணீர் நடுவில் இருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகி போல்ட் அப்படியே பிடித்துக்கொள்ளும். குரோம், திறந்த வெல்டிங், ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் லானோலின் ஸ்ப்ரே அல்லது மெழுகு மெல்லிசாக. டிஸ்க்கில் படக் கூடாது. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட நல்லது, ஆனால் அது மழை முழுக்கக் காப்பாற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள். டேங்கை நிரப்பியே வையுங்கள், இ20 பெட்ரோலில் உள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும், பாதி காலியான இரும்பு டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

கழுவுவது சாதாரணத் தண்ணீரில், பிரஷர் வாஷர் துப்பாக்கியை ஃபோர்க் சீலுக்கும் கோன் செட்டுக்கும் நேரே நீட்டாமல். காய்ந்த பிறகுதான் மூட வேண்டும். ஈர வண்டியை பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கிக் கட்டினால் ராத்திரி முழுக்க அது உள்ளேயே வேர்த்துக்கொண்டிருக்கும். எங்கள் பார்க்கிங்கில் பக்கவாட்டிலிருந்துதான் சாரல் வரும், அதனால் நான் அந்தப் பக்கம் மட்டும் ஒரு தாட்பத்ரித் துண்டைத் திரை மாதிரி தொங்கவிட்டிருக்கிறேன்.

கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் நின்றால் நான் போகவே மாட்டேன், அந்தத் திறந்த ஃபில்டரின் வாய் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. மாட்டிக்கொண்டு வண்டி நின்றுபோனால் செல்ஃப் அடிக்காமல் தள்ளிக்கொண்டு வாருங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஃபோர்க் ஆயிலை மழைக்கு முன் மாற்றுவதுதான் வழக்கம் என்று அண்ணாச்சிகூடச் சொல்வார். நான் அக்டோபரில் மாற்றுகிறேன். நாலு மாதத்தில் உள்ளே போன தண்ணீர் குளிர்காலம் முழுக்க ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருக்க வேண்டாம் பாருங்கள்.