அண்ணாவை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன கதை

போர் முடிந்ததும், புலிகள் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு அரசு வைத்த புனர்வாழ்வு முகாமை முடித்து அண்ணா வந்தபோது, ஆள் உயிரோடு வந்ததே போதும் என்றுதான் வீட்டில் எல்லாருக்கும் இருந்தது. 2009க்குப் பிறகு அப்படிப் புனர்வாழ்வுக்குப் போய் வந்தவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். தச்சு வேலை, மேசன் வேலை எல்லாம் பழக்கி அனுப்பினார்கள். இரவில் நித்திரை வராததைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நாங்கள் திருகோணமலைப் பக்கம் சம்பூர் ஆட்கள். 2006இல் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் காலம் கழித்து, 2016இல்தான் சொந்தக் காணியில் கால் வைத்தோம். ஊருக்குத் திரும்பினால் அண்ணா சரியாகிவிடுவார் என்று அம்மா நம்பினார். நடந்தது வேறு. இந்தப் பக்கக் கடலில் களவாக டைனமைட் போட்டு மீன் பிடிப்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்தச் சத்தம் கேட்டதும் ஆள் குப்புற விழுந்துவிடுவார். ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றுக் கோப்பையோடு விழுந்தார். பிறகு எழும்பி, ஒன்றும் நடக்காத மாதிரி சிந்தின சோற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போவதில்லை. கோபம், வாய் திறக்காமல் இருப்பது, நித்திரைக்காகச் சாராயம், எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக வந்தன.

அம்மா பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்து நூல் கட்டினார். நான் மறிக்கவில்லை. அம்மாவுக்காவது அதில் ஆறுதல் இருந்தது.

மனநல வைத்தியரிடம் போவோம் என்றால் வரமாட்டார். விசர் என்று ஊர் கதைக்கும் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், அங்கே சொல்வதை எழுதி வைப்பார்கள், அது யார் கைக்குப் போகும் என்பது. வீடு தேடி வந்து விசாரித்துவிட்டுப் போகிறவர்களைக் கண்ட ஆளிடம், சும்மா பயப்படாதீங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் வழி விட்டது நெஞ்சு வலி. முதலில் காட்டிய இடத்தில் வாய்வு என்று குளிசை தந்து அனுப்பிவிட்டார்கள். அடுத்துப் பார்த்த வைத்தியர் இளம் பிள்ளை. ஈ.சி.ஜி.யில் பிழையில்லை என்றுவிட்டு, "இரவில் நித்திரை எப்படி அண்ணா?" என்று கேட்டார். அதற்கு அண்ணா பதில் சொன்னார். நாங்கள் வருஷக்கணக்காகக் கேட்டும் வராத பதில். அன்றே துண்டு எழுதி மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் நித்திரையில் தொடங்குங்கள். போரைப் பற்றிக் கேட்டுக் குடைய வேண்டாம்.

கிளினிக் நாள் என்றால் மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நம்பருக்காக மட்டுமில்லை. சுவரோடு முதுகு சாய்த்து, வாசல் தெரியும் இடத்தில் இருந்தால்தான் அண்ணாவால் காத்திருக்க முடியும். அரச படையில் இருந்தவர்களுக்கு ரணவிரு சேவா அதிகார சபை இருக்கிறது. இந்தப் பக்கம் நின்றவருக்கு, வாங்கில் இடம் பிடிக்கிற தங்கச்சிதான் அதிகார சபை.

எங்கே நின்றீர்கள், என்ன செய்தீர்கள் என்று உள்ளே கேட்கவில்லை என்று வெளியே வந்து அண்ணாவே சொன்னார். கனவு, திடுக்கிடுவது, குடி, சாக வேண்டும் என்ற எண்ணம், இவற்றைத்தான் கேட்டிருக்கிறார்கள். தந்தது செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு, பதற்றக் குளிசை. காசு வாங்கவில்லை. சில கிழமை போனால்தான் பிடிக்கும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார்கள். தொடக்கத்தில் வயிற்றைப் பிரட்டியது, பிறகு சரி. நித்திரைக் குளிசை கேட்டார், வைத்தியர் மறுத்துவிட்டார். பழக்கமாகிவிடும், சாராயத்தோடு சேர்ந்தால் ஆபத்து. அப்புறம் ஆலோசகரோடு மூச்சுப் பயிற்சி, ஒதுக்கி வைத்த இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகுவது.

எங்களுக்கும் ஒன்று சொல்லித் தந்தார்கள். கனவில் கத்தும்போது தொட்டு எழுப்பக் கூடாது. லைட்டைப் போட்டு, கால்மாட்டில் தள்ளி நின்று, "அண்ணா, வீட்டில்தான் இருக்கிறீங்கள்" என்று கூப்பிட வேண்டும். இது குளிசையைவிட முதலில் வேலை செய்தது. வைத்தியசாலைக்கு வர வழியில்லாதவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தமிழிலேயே கதைக்கலாம்.

கனவு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இப்போது குளிசையை நிறுத்தலாம்தானே என்று அண்ணா கேட்கத் தொடங்கியிருக்கிறார். அடுத்த கிளினிக்கில் பார்ப்போம் என்றிருக்கிறார் வைத்தியர். தீபாவளி வெடியும் மாவீரர் நாள் வரும் கார்த்திகை மாதமும் கழியட்டும் என்று நான் மறித்து வைத்திருக்கிறேன்.