பொடிப்பனிக்கு ஓர் அகலமான ஸ்கீ

நான் முதன்முதலில் வாங்கிய பொடிப்பனி ஸ்கீ, அதாவது புதிதாக விழுந்து இன்னும் இறுகாத ஆழப்பனியில் சறுக்குவதற்கான பலகை, இடைப்பகுதியில் 118 மி.மீ. அகலமும் 164 செ.மீ. நீளமும் கொண்டது. பெண்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது என்ற வாசகம் அதன் விவரத்தாளில் முதல் வரியாக இருந்தது. விற்றவரும் அதையே இருமுறை சொன்னார். என் எடை என்ன, எவ்வளவு வேகத்தில் சறுக்குவேன், ஒரு பருவத்தில் நான் மலையில் கழிக்கும் நாள்களில் எத்தனை நாள் உண்மையில் புதுப்பனி விழுந்த நாள் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. அவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள் என்பது அன்று எனக்கும் தெரியாது.

முழங்கால் ஆழப் பனியில் அந்த ஸ்கீ அழகாக மிதந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிற்பகலில், காலையிலிருந்து பலரும் உழுதுவிட்ட பனி மேடும் பள்ளமுமாகக் கிடந்தபோது, அதன் மென்மையான முனைகள் ஒவ்வொரு மேட்டிலும் மடங்கித் துள்ளின. சற்று வேகம் கூட்டினால் காலடியில் பிடிமானமே இல்லாததுபோல் இருந்தது. லிஃப்டுக்குத் திரும்பும் இறுகிய தடத்திலோ, ஸ்கீயை விளிம்பின்மேல் சாய்ப்பதற்கே தனி முயற்சி தேவைப்பட்டதால், மாலையில் முழங்காலின் உட்புறம் வலித்தது. ஒரே பருவத்தில் அதை விற்றுவிட்டேன். அடுத்ததைத் தேர்ந்தெடுக்கப் பல மாதங்கள் எடுத்துக்கொண்டேன். அப்போது படித்தும், இரவல் வாங்கிச் சறுக்கிப் பார்த்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அகலமான ஸ்கீ என்பதே ஒப்பீட்டளவில் புதிய எண்ணம். 1980களின் இறுதிவரை பொடிப்பனியிலும் மெல்லிய, நீளமான ஸ்கீகளில்தான் சறுக்கினார்கள். அதற்கென்றே வளர்ந்த நுட்பமும், வலுவான தொடைகளும் இல்லாதவர்களுக்கு ஆழப்பனி எட்டாக்கனியாகவே இருந்தது. ஆட்டமிக் நிறுவனத்தின் பொறியாளர் ரூபர்ட் ஹூபர், ஸ்னோபோர்டு ஒன்றை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்ததிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் ‘பவுடர் பிளஸ்’, கனடாவில் ஹெலிகாப்டரில் ஏறிச் சென்று சறுக்கும் விருந்தினர்களிடையே முதலில் பரவியது. திறமையில் நடுத்தரமானவர்களும் வயதானவர்களும்தான் அதனால் அதிகம் பயன்பெற்றார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. ‘கொழுத்த பையன்’ என்று பொருள்படும் ‘ஃபேட் பாய்’ என்ற பட்டப்பெயரும் அதற்கு அமைந்தது. அடுத்த பெரிய திருப்பம் 2002இல் வந்த, வோலாண்ட் நிறுவனத்தின் ‘ஸ்பாச்சுலா’. பனியும் நீரைப்போல் ஒழுகும் ஒரு பொருள்தானே, அப்படியிருக்க நீர்ச்சறுக்குப் பலகையின் வடிவம் ஏன் கூடாது என்று கேட்ட ஸ்கீ வீரர் ஷேன் மெக்காங்கியின் சிந்தனையில் உருவான அது, வழக்கமான ஸ்கீக்கு நேர்மாறாக முனைகளில் குறுகியும் காலடியில் அகன்றும், இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்தும் இருந்தது. இன்று ராக்கர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் முனை எழுச்சி, பெருவழக்கானதற்கு அந்த விசித்திரமான பலகைதான் பெரிய காரணம்.

மிதப்பது எப்படி என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் அகலத்தைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஸ்கீ பனியில் எவ்வளவு அமிழும் என்பதைப் பெருமளவில் தீர்மானிப்பது, உடல் எடையும் உடைகள், பூட், பை ஆகியவற்றின் எடையும் சேர்ந்து எத்தனை சதுர சென்டிமீட்டரில் பகிரப்படுகிறது என்பதுதான். 85 கிலோ எடையுள்ள ஒருவர், பொருள்களோடு 95 கிலோவாக, 186 செ.மீ. நீளமும் 118 மி.மீ. இடையும் கொண்ட ஸ்கீயில் நிற்கிறார் என்று கொள்வோம். முனையும் வாலும் இடையைவிட அகலமானவை என்பதால் சராசரி அகலம் ஏறத்தாழ 12.8 செ.மீ. வரும், இரண்டு ஸ்கீகளின் பரப்பும் சேர்ந்து சுமார் 4,760 சதுர செ.மீ.; ஆக, ஒரு சதுர செ.மீ. மேல் 20 கிராம். இப்போது 55 கிலோ எடையுள்ள ஒரு பெண், பொருள்களோடு 63 கிலோவாக, 170 செ.மீ. நீளமும் 106 மி.மீ. இடையும் கொண்ட ஸ்கீயில் நிற்கட்டும். பரப்பு சுமார் 4,000 சதுர செ.மீ.; ஒரு சதுர செ.மீ. மேல் 16 கிராமுக்கும் குறைவு. அதாவது 12 மி.மீ. குறுகலான, 16 செ.மீ. குட்டையான ஸ்கீயில் நின்றும் அவர் அந்த ஆணைவிட மேலாக மிதப்பார். இது துல்லியமான கணக்கு அல்ல; வேகம், முனையின் வளைவு, பனியின் ஈரம் எல்லாம் இதில் தலையிடும். ஆனாலும் ஆண்கள் எழுதும் பரிந்துரைகளில் ‘115க்குக் கீழே பொடிப்பனி ஸ்கீயே இல்லை’ என்று படிக்கும்போதெல்லாம், எழுதியவரின் எடை என்னவாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

தேவைக்கு மேல் அகலம் வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்ற கேள்வி நியாயமானதுதான். அதற்கான விடை இறுகிய பனியில் இருக்கிறது. பூட்டின் அடிப்பகுதி சுமார் 7 செ.மீ. அகலம். 75 மி.மீ. இடையுள்ள ஸ்கீயில் விளிம்பு ஏறத்தாழ பூட்டின் ஓரத்துக்கு நேர்கீழே அமைகிறது, 118 மி.மீ. இடையுள்ளதில் அது பூட்டைத் தாண்டி இரண்டு செ.மீ.க்கும் மேல் வெளியே நிற்கிறது. கடினமான தடத்தில் ஸ்கீயைச் சாய்க்கும்போது விளிம்பில் எழும் எதிர்விசை அந்த நீளத்தை நெம்புகோலாகக்கொண்டு ஸ்கீயைத் தட்டையாக்கப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்தும் வேலை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் வந்து சேரும். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழியும் காயம் ஸ்கீ செய்யும் ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக ஏற்படுகிறது. அகலம் அதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. களைத்துப்போன காலில், மாலைநேரத்து உறைபனியில், தேவையற்ற நெம்புகோல் ஒன்றைக் கட்டிக்கொண்டு இறங்க நான் விரும்பவில்லை, அவ்வளவே.

ஆகவே அகலத்தை முடிவு செய்ய, நல்ல நாளை அல்ல, மற்ற நாள்களைத்தான் எண்ண வேண்டும். வேறொரு குறுகலான ஸ்கீ கைவசம் இருந்து, புதுப்பனி விழுந்த நாளில் மட்டும் எடுப்பதற்காக இரண்டாவதாக வாங்குகிறீர்கள் என்றால் 110 முதல் 116 வரை தாராளமாகப் போகலாம். பயணத்துக்கு ஒரே இணையைத்தான் எடுத்துச் செல்ல முடியும், அங்கே பனி விழும் என்ற உறுதியும் இல்லை என்றால், 55 முதல் 65 கிலோ எடையுள்ளவருக்கு 102 முதல் 108 வரை போதும் என்பது என் கருத்து.

இனி, பெண்களுக்கானது என்ற சொல்லுக்கு வருவோம். அந்தச் சொல்லுக்குப் பொதுவான வரையறை எதுவும் இல்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி அதற்குப் பொருள் தருகிறார்கள். சிலர் ஒரே அச்சில் வார்த்த ஸ்கீக்கு வேறு பெயரும் வேறு மேற்பூச்சும் தந்து, குட்டையான நீளங்களில் விற்கிறார்கள்: சாலமன் நிறுவனத்தின் ‘கியூஎஸ்டி 106’, ‘கியூஎஸ்டி ஸ்டெல்லா 106’ ஆகியவற்றை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். இதை ஏமாற்று என்று நான் கருதவில்லை. நல்ல ஸ்கீ 164 செ.மீ. நீளத்திலும் கிடைப்பது பலருக்கு உதவிதான். வேறு சிலர் உள்ளே இருக்கும் மரத்தையே மாற்றுகிறார்கள். பீச், ஆஷ் போன்ற கனமான மரங்களுக்குப் பதிலாக பாலோனியாவோ பாப்ளரோ வைத்து, டைட்டனால் எனப்படும் அலுமினியக் கலவைத் தகட்டைக் குறைத்தோ முற்றிலும் நீக்கியோ எடையை இறக்குகிறார்கள். இன்னும் சிலர் வளைதன்மையை மட்டும் மென்மையாக்குகிறார்கள். என்னிடம் வந்து சேர்ந்த 118 அந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. பெண் என்றால் மெதுவாகப் போவாள், தொடக்கநிலையில் இருப்பாள் என்ற அனுமானம் அந்த மென்மைக்குள் ஒளிந்திருந்தது.

எடை குறைவானவருக்கு ஓரளவு மென்மையான ஸ்கீ தேவை என்பதை நான் மறுக்கவில்லை. வளைக்கவே முடியாத பலகை யாருக்கும் பயன்படாது. ஆனால் மென்மை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். முனை இளகி, காலடியும் வாலும் உறுதியாக இருந்தால், ஆழப்பனியில் முனை தானே மேலெழும், உழுத பனியிலும் நிற்க ஓரிடம் இருக்கும். கடையில் ஸ்கீயை நிறுத்திவைத்து, ஒரு கையால் முனையைப் பிடித்து, நடுவில் மறுகையால் அழுத்தினாலே இதில் கொஞ்சம் புலப்பட்டுவிடும். எடையை விவரத்தாளில் பாருங்கள்: 170 செ.மீ.யை ஒட்டிய நீளத்தில் ஒற்றை ஸ்கீ 1,700 முதல் 1,900 கிராம் வரை இருப்பது லிஃப்டில் ஏறிச் சறுக்குபவருக்கு நல்ல நடுவழி. அதைவிட மிகக் குறைவான எடையைப் பெருமையாக அச்சிட்டிருந்தால், அது மேலேறி நடப்பவர்களுக்கானதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. ஏறும்போது இனிக்கும் அந்த லேசான எடை, கலைந்த பனியில் இறங்கும்போது உடலை உலுக்கி எடுத்துவிடும்.

நீளத்தில்தான் பெண்கள் அதிகம் தவறான அறிவுரை பெறுகிறார்கள். தாடைவரை இருந்தால் போதும் என்பது, முனை எழாத, நடுப்பகுதி மட்டும் வில்போல் மேலே வளைந்த பழைய கேம்பர் ஸ்கீகளின் காலத்துக் கணக்கு. ராக்கர் உள்ள ஸ்கீயில் முன்னும் பின்னும் கணிசமான பகுதி தடத்தைத் தொடுவதேயில்லை, 172 செ.மீ. என்று எழுதியிருந்தாலும் இறுகிய தடத்தில் அது அதைவிடக் குட்டையானதுபோலவே திரும்பும். நான் 165 செ.மீ. உயரம், முதலில் வாங்கிய 164ஐவிட, பின்னர் இரவல் வாங்கிச் சறுக்கிய 171 எனக்கு எளிதாக இருந்தது. முன்னால் போதிய நீளம் இருந்ததால், முனை மூழ்கிவிடுமோ என்று பயந்து பின்பக்கம் சாய வேண்டிய தேவை எழவில்லை. பொடிப்பனியில் பின்னால் சாய்ந்து நிற்க வேண்டும் என்ற பழைய பாடம், பாதிக்கு மேல், குட்டையான குறுகிய ஸ்கீகளின் குறையை மறைக்கப் பிறந்த பாடம் என்றே இப்போது நினைக்கிறேன். உயரமான பெண்களுக்கு இதன் மறுபக்கம் தொல்லையாகிறது: பெண்களுக்கான வரிசைகளில் பல 180 செ.மீ.யை எட்டுமுன்பே நின்றுவிடுவதால், அவர்கள் தயக்கமின்றி ஆண்களுக்கான வரிசையைப் பார்க்கலாம்.

பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கை எங்கே பொருத்துவது என்பது, நான் எதிர்பாராத அளவு நேரத்தை எடுத்துக்கொண்ட விஷயம். பெண்களின் உடலமைப்புக்கு பைண்டிங்கைச் சற்று முன்னால் நகர்த்திப் பொருத்த வேண்டும், குதிகாலை உயர்த்த வேண்டும் என்று அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்கீக் கருவி வல்லுநர் ஜீனி தோரென் பல்லாண்டு காலம் வாதிட்டு, ஏராளமான பெண்களைச் சோதித்துப் பார்க்கவும் வைத்தார். பெண்களுக்கான பல ஸ்கீகளில் பொருத்தும் கோடு இன்று ஓரிரு செ.மீ. முன்னால் வரையப்பட்டிருப்பதில் அந்தச் சிந்தனையின் செல்வாக்கு தெரிகிறது. சீரான தடத்தில் இது திருப்பத்தைத் தொடங்குவதை எளிதாக்கும். ஆழப்பனியிலோ, பாதத்துக்கு முன்னால் இருக்கும் நீளம்தான் ஸ்கீயை மேலே தூக்குகிறது. அதில் இரண்டு செ.மீ.யைக் கழிப்பது சிறிய விலையல்ல. ஏற்கெனவே முன்னால் நகர்த்தப்பட்ட கோட்டிலிருந்து, பெண் என்பதற்காக இன்னும் ஒரு செ.மீ. முன்னால் பொருத்தித் தருகிறேன் என்று ஒருவர் என்னிடம் அன்போடு முன்வந்தார். தயாரிப்பாளரின் கோட்டிலேயே போடுங்கள் என்று நானும் அன்போடு மறுத்துவிட்டேன்.

பைண்டிங் பற்றி இன்னும் இரண்டு சொற்கள். கழன்ற ஸ்கீ சரிவில் ஓடிவிடாமல் நிறுத்தும் அதன் பிரேக், ஸ்கீயின் இடையைவிட ஓரிரு மி.மீ. முதல் 15 மி.மீ. வரை அகலமாக இருக்க வேண்டும். பழைய ஸ்கீயிலிருந்து கழற்றிய 90 மி.மீ. பிரேக்கை 108க்கு வளைத்துப் பொருத்தலாம் என்பவரை நம்ப வேண்டாம். விழும்போது பைண்டிங் எவ்வளவு விசையில் பூட்டை விடுவிக்க வேண்டும் என்ற அளவை எடை, உயரம், வயது, பூட்டின் அடிநீளம், சறுக்கும் பாங்கு ஆகியவற்றைக்கொண்டு ஐஎஸ்ஓ 11088 என்ற பன்னாட்டுத் தரநிலையின் அட்டவணைப்படி தேர்ந்த ஒருவர்தான் அமைக்க வேண்டும். அங்கே உங்கள் எடையைக் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். திறமையைக் கூட்டியும் சொல்லாதீர்கள்.

முடிந்தால் வாங்குமுன் சறுக்கிப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கூட்டுவது ஒன்றுதான்: புதுப்பனியில் மட்டும் சோதிக்காதீர்கள். ஆழமான பொடிப்பனியில் எல்லா அகலமான ஸ்கீயும் நல்ல ஸ்கீதான். அங்கே குறை கண்டுபிடிப்பதே கடினம். அதே நாளின் பிற்பகல் மூன்று மணிக்கு, கால் களைத்தபின், கலைந்த பனியிலும் லிஃப்டுக்குத் திரும்பும் தட்டையான தடத்திலும் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கடைசியில் நான் எடுத்தது 106 மி.மீ. இடையும் 171 செ.மீ. நீளமும் கொண்ட ஒன்று. முனையில் நீண்ட ராக்கர், காலடியில் மிதமான கேம்பர், அதே இடத்தில் குறுகிய டைட்டனால் தகடு, ஒற்றை ஸ்கீ 1,780 கிராம். அதுவும் பெண்களுக்கான வரிசையில் உள்ளதுதான். அந்தச் சொல்லை நான் பார்த்தது எல்லா எண்களையும் பார்த்து முடித்த பிறகு.

பழைய 118ஐ வாங்கிக்கொண்டவரும் ஒரு பெண்தான். 46 கிலோ எடை, நிதானமான வேகம், புதுப்பனி விழுந்த காலைகளில் மட்டுமே மலைக்குப் போகும் வழக்கம், இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்பிவிடுவார். அதைவிட நல்ல ஸ்கீயில் தான் நின்றதேயில்லை என்று சென்ற பருவத்தில் செய்தி அனுப்பியிருந்தார்.