பல்லக்குக்கு முன் பேச வேண்டிய பெட்டி

மே 6, 2025, செவ்வாய்

கத்திரி தொடங்கிவிட்டது. ஏசி ஓடியும் ரேக்கின் பின்பக்கம் அனல் அடிக்கிறது. வேலூரில் ஓர் உள்ளூர் சேனலின் கட்டுப்பாட்டு அறை. 16 உள்ளீடு, 16 வெளியீடு கொண்ட எஸ்டிஐ மேட்ரிக்ஸ்; எந்தக் கேமராவின் படம் எந்த வெளியீட்டுக்குப் போக வேண்டும் என்று மாற்றிவிடும் வீடியோ பெட்டி. முன்பக்கப் பொத்தானை அழுத்தினால் படம் மாறுகிறது. கணினியிலிருந்து கட்டளை அனுப்பினால் அசைவில்லை. சென்னைக்கு சர்வீஸுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் முதலாளி. திங்கட்கிழமை சித்ரா பௌர்ணமி, புஷ்பப் பல்லக்கு நேரலை. பொத்தானுக்குக் கட்டுப்படும் பெட்டியைப் பழுது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கணினியின் கட்டளையை மேட்ரிக்ஸுக்குக் கொண்டுபோகும் ஒன்பது பின் சீரியல் கேபிளை மேட்ரிக்ஸ் பக்கம் கழற்றி, அந்த முனையின் 2, 3 பின்களைச் சிறு கம்பியால் சேர்த்துவிட்டு கணினியில் தட்டினேன். தட்டிய எழுத்தெல்லாம் திரும்பி வந்தது. கணினியும் கேபிளும் நலம். அடுத்து மல்டிமீட்டர்: கறுப்பு முனை 5-ஆம் பின்னில், சிவப்பு முனை 3-இல். கணினியில் மைனஸ் 6 வோல்ட். இந்த சீரியல் இணைப்பின் முறையான ஆர்எஸ்-232-இல் அனுப்பும் பின் சும்மா இருக்கும்போது மைனஸில்தான் நிற்கும். மேட்ரிக்ஸிலும் அதே 3-இல் மைனஸ்! இரண்டும் ஒரே கம்பியில் பேசினால் கேட்பது யார்? 2-ஐயும் 3-ஐயும் குறுக்காக மாற்றி சால்டர் வைத்தேன். பொத்தானை அழுத்தும்போது மேட்ரிக்ஸ் அனுப்பும் நிலைச் செய்தி திரையில் வந்தது, ஆனால் கிறுக்கலாக. பாட் ரேட்டை, அதாவது தகவல் அனுப்பும் வேகத்தை, 9600-இலிருந்து 38400 ஆக்கியதும் வரி தெளிந்தது. கட்டளைக்கும் படம் மாறியது.

மே 7, புதன்

மாடியிலிருந்து மேட்ரிக்ஸை இயக்கும் பொத்தான் பேனலுக்கு 40 மீட்டர் கேபிள் ஓட்டம். ஆர்எஸ்-232-ஐ 15 மீட்டருக்கு மேல் நம்பக்கூடாது; ஆர்எஸ்-422 இழுத்தோம். “அண்ணே, இதுவும் அதே ஒன்பது பின்தானே?” என்றான் தம்பி. பிளக் ஒன்றுதான், மின்சாரம் வேறு. இதில் ஒவ்வொரு திசைக்கும் முறுக்கிய ஜோடிக் கம்பி. இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும். பெறும் பக்கம் வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் அது கழிந்துபோகும். ஜோடியின் இரு கம்பிகளுக்கான ஏ, பி என்ற குறிகளைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி அச்சிடுகிறார்கள். ஒரு ஜோடியைத் திருப்பிப் போட்டதும் பேனல் உயிர் பெற்றது.

மே 9, வெள்ளி

இன்று நெட்வொர்க். மேட்ரிக்ஸின் லிங்க் விளக்கு எரிகிறது, அதன் ஐபி முகவரியான 192.168.1.100-க்கு பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சோதனை) அனுப்பினால் பதில் வருகிறது, கட்டுப்பாட்டு மென்பொருள் மட்டும் இணைய மறுக்கிறது. ஃபயர்வால், போர்ட் எண் எல்லாம் பார்த்தாயிற்று. சந்தேகத்தில் மேட்ரிக்ஸின் நெட்வொர்க் கேபிளை உருவினேன். பிங் அப்போதும் பதில் சொன்னது! இல்லாத பெட்டி எப்படிப் பேசும்? எந்த ஐபி எந்தக் கருவியுடையது என்று கணினி குறித்துவைக்கும் ஏஆர்பி பட்டியலில் இருந்த மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் எண்) பிடித்துக்கொண்டு தேடினால், வாசலில் உள்ள சிசிடிவி பதிவுக் கருவிக்கும் அதே ஐபி. மேட்ரிக்ஸுக்குத் தனி எண் கொடுத்து, அதைப் பெட்டியின் நெற்றியிலேயே எழுதி ஒட்டினேன்.

“நெட்வொர்க்தான் வந்துவிட்டதே, சீரியல் எதற்கு?” என்றார் முதலாளி. இருக்கட்டும் என்று அழுத்திச் சொன்னேன். கருவிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று செத்தால் நெட்வொர்க் மொத்தமாகப் போகும். சீரியலுக்கு நடுவில் யாரும் இல்லை.

மே 12, திங்கள்

பல்லக்கு கிளம்பியதிலிருந்து கேமரா மாறிக்கொண்டே இருந்தது. மாடிப் பேனலும் கணினியும் ஒரு முறைகூடப் பிணங்கவில்லை. பெட்டி சென்னைக்குப் போகவில்லை. குறுக்குக் கேபிளின் இரு முனையிலும் நாளை சீட்டு ஒட்ட வேண்டும். நேர் கேபிளும் அதே நிறத்தில் அதே பெட்டியில் கிடக்கிறது.