கொசுவழி வைரஸ்கள் இன்டர்ஃபெரானை ஏய்ப்பது எப்படி: தேர்வுக்குப் படிக்கும் முறை

வைரஸ் புகுந்ததும் செல் வெளியிடும் எச்சரிக்கைப் புரதம்தான் இன்டர்ஃபெரான்; டெங்கு போன்ற கொசுவழி வைரஸ்கள் அதை முடக்கும் விதமே இந்தப் பாடம். இதில் மதிப்பெண் போவதற்குப் பெரும்பாலும் காரணம், வைரஸ் வாரியாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதுதான். என்எஸ்2, என்எஸ்3, என்எஸ்5 என்ற வைரஸ் புரதங்கள் எல்லாம் தேர்வறையில் குழம்பிவிடும். செல்லின் பாதையை முதலில் வரையுங்கள்; வைரஸை அதன்மேல் பிறகு வையுங்கள்.

வெற்றுத்தாளில் இரண்டு பாதைகள் போதும். ஒன்று, இன்டர்ஃபெரான் உருவாவது: ரிக்-ஐ, எம்டிஏ5 என்ற உணரிப் புரதங்கள் வைரஸ் ஆர்என்ஏவைக் கண்டுகொள்ளும்; பிறகு சமிக்ஞை மேவ்ஸ், டிபிகே1, ஐஆர்எஃப்3 என்ற செல் புரதங்கள் வழியே போகும். மற்றொன்று, அது வேலை செய்வது: செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி, அதோடு ஒட்டிய ஜாக்1, டிக்2 நொதிகள், பிறகு ஸ்டாட்1, ஸ்டாட்2, ஐஆர்எஃப்9 என்ற மூன்று புரதங்களும் சேர்ந்து உட்கருவுக்குள் போய், டிஎன்ஏவில் அமர்ந்து வைரஸ் எதிர்ப்பு மரபணுக்களை இயக்குவது. புத்தகத்தை மூடிவிட்டு ஐந்து நிமிடத்தில் வரைய வந்தால்தான் மேலே போகலாம்.

இனி, வைரஸ் பாதையைத் தடுக்கும் இடங்களில் சிவப்பு மையில் வெட்டுக்குறிகள். டெங்குவின் என்எஸ்3, 14-3-3 எப்சிலான் என்ற செல் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் ரிக்-ஐ மேவ்ஸிடம் போய்ச் சேராது. அதன் என்எஸ்2பி3 புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி), ஸ்டிங்கை வெட்டும்; ஸ்டிங் என்பது, செல்லுக்குள் டிஎன்ஏ இடம் மாறித் தென்பட்டால் இன்டர்ஃபெரானைத் தூண்டும் பாதையின் புரதம். ஆர்என்ஏ வைரஸுக்கு டிஎன்ஏ பாதையில் என்ன வேலை என்று இங்கே கேட்டே ஆகவேண்டும்: தொற்றில் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ கசிகிறது, அதை சிகாஸ் என்ற உணரிப் புரதம் உணர்ந்து ஸ்டிங்கைத் தூண்டுகிறது. இந்த ஒரு வரி எழுதினால் விடை தனித்துத் தெரியும்.

அதிகம் தவறுவது என்எஸ்5-இல். டெங்கு, யுபிஆர்4 (புரதங்களை அழிவுக்குக் குறியிடும் செல் புரதம்) துணையோடு ஸ்டாட்2-ஐ அழிக்கிறது. ஸிகாவும் ஸ்டாட்2-ஐ அழிக்கும், ஆனால் யுபிஆர்4 வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் வைரஸோ அழிப்பதில்லை. இன்டர்ஃபெரான் தூண்டிய பிறகே ஸ்டாட்2-இல் ஒட்டி, டிஎன்ஏவில் அமரவிடாமல் தடுக்கிறது. இம்மூன்றும் ஃபிளாவிவைரஸ் வகை என்றாலும், "ஃபிளாவிவைரஸ்கள் ஸ்டாட்2-ஐ அழிக்கின்றன" என்று பொதுவாக எழுதினால் தவறு.

எலி பற்றிய கேள்வியும் இதிலிருந்தே வரும். டெங்குவின் என்எஸ்5 எலியின் ஸ்டாட்2-ஐப் பிடிக்காது, புரோட்டியேஸ் எலியின் ஸ்டிங்கை வெட்டாது; எனவே எலியின் இன்டர்ஃபெரானை டெங்குவால் சரியாக முடக்க முடியாது. அதனால்தான் ஏஜி129 போன்ற, இன்டர்ஃபெரான் ஏற்பியற்ற எலிகள் ஆய்வுக்குத் தேவைப்படுகின்றன.

சிக்குன்குனியாவை இந்த ஃபிளாவிவைரஸ் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அது ஆல்ஃபாவைரஸ் என்ற வேறு வகை. அதன் என்எஸ்பி2 புரதம், மரபணுக்களைப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 நொதியின் ஆர்பிபி1 துணையலகையே சிதைத்து, செல்லின் மொத்தப் படியெடுப்பையும் (டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ உருவாவதை) நிறுத்துகிறது. படத்தில் இதன் வெட்டுக்குறி, இரு பாதைகளிலும் மரபணு படியெடுக்கப்படும் இடத்தில் விழவேண்டும்.