நாட்காட்டித் தாளின் கடைசி வரி

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலுள்ள ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக வேலை பார்க்கிறேன். கல்யாண அட்டைகளும் கோயில் திருவிழா மலர்களும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன என்றாலும், ஆண்டிறுதி நெருங்கிவிட்டால் கடைக்காரர்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் தினசரி நாட்காட்டி வேலை வந்து குவிந்துவிடும். நல்ல நேரமும் இராகு காலமும் பஞ்சாங்கத்திலிருந்து கிடைத்துவிடும். தாளின் அடியில் வரும் பொன்மொழியைத் தேடிப் போடுவது என் பொறுப்பு.

ஆக, மனித குணத்தைப் பற்றி யார் யார் என்ன எழுதினார்கள் என்று நான் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஞானத் தேடல் அன்று, 365 தாள்கள். வாட்ஸ்அப்பில் உலவும் வரிகளுக்கெல்லாம் ஐன்ஸ்டைனோ அப்துல் கலாமோ பொறுப்பேற்க நேர்கிற காலம் இது என்பதால், நூலில் என் கண்ணால் பார்க்காத வரிக்குக் கீழே யார் பெயரையும் நான் போடுவதில்லை.

ஒதுங்கியிருந்து உபதேசித்தவர்களைவிட, பொழுதெல்லாம் பலதரப்பட்ட ஆட்களோடு மாரடித்தவர்களின் எழுத்தே எனக்கு நம்பகமாகப் படுகிறது. கி.பி. 161 முதல் 180 வரை ரோமாபுரியை ஆண்ட மார்க்கஸ் அவ்ரேலியஸ், தமக்காகக் கிரேக்க மொழியில் எழுதிவைத்த குறிப்புகளில், இன்று நன்றி கெட்டவனையும் செருக்குப் பிடித்தவனையும் பொறாமைக்காரனையும் சந்திக்கப்போகிறோம் என்று விடிந்ததும் தமக்கே சொல்லிக்கொள்கிறார். பேரரசருக்கே அந்தக் கதி என்றால் கவுண்டரில் நிற்பவர்களைக் கேட்கவா வேண்டும்! ஆனால் நன்மை தீமை அறியாததால்தான் அவர்கள் அப்படி இருக்கிறார்கள், அவர்களும் நம் உறவினரே, அவர்கள்மீது சினம் கொள்ளலாகாது என்று அவர் தொடர்வதை இடப்பற்றாக்குறையால் வெட்டினால் கசப்பு மட்டுமே மிஞ்சும். அதற்காகவே அந்தத் தாளில் எழுத்தின் அளவைக் குறைத்தேன். 1581 முதல் 1585 வரை போர்தோ நகரின் மேயராக இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேய்ன், மேயரும் தானும் எப்போதும் வேறு வேறு ஆட்களாகவே இருந்ததாக எழுதினார். பதவி உயர்வு வந்ததும் நடையே மாறிப்போகிறவர்களுக்காக அதை ஒரு திங்கட்கிழமையில் வைத்தேன்.

வாடிக்கையாளர்களின் குணமும் இந்த வேலையில் தெரிந்துவிடும். ஒரு நகைக்கடை முதலாளி சிக்கனத்தைப் பற்றி ஒரு வரிகூட வரலாகாது என்றார். அடகுக்கடைக்காரர் கடனைப் பற்றிய வரிகளை எல்லாம் எடுக்கச் சொன்னார். இரும்புக் கடை முதலாளி ஒருவருக்கோ 'குணம்நாடிக் குற்றமும் நாடி' என்ற குறள் மிகவும் பிடித்துப்போய்விட்டது. "இதைப் பெரிய எழுத்தில் தனியாக அடித்துக் கொடுங்கள் ஐயா, வேலைக்கு ஆள் எடுக்கும்போது எதிரே இருக்கட்டும்" என்றார். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவர்மீது ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும் என்னும் குறள் அதே அதிகாரத்தின் கடைசியில் இருப்பதால், அதையும் சேர்த்து அச்சடித்துக் கொண்டுபோனேன். முதல் தாளை வாங்கிச் சட்டத்தில் மாட்டிக்கொண்ட முதலாளி, இரண்டாவதைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். அவருடைய தந்தையார் காலத்திலிருந்தே கல்லாவில் அமர்ந்திருக்கும் கணக்குப்பிள்ளையின் தலைக்கு மேலே அந்த மாதம்தான் புதிதாக ஒரு கேமரா பொருத்தியிருந்தார்கள்.