பாப்பாத்தி அம்மாள் கோவிலிலிருந்து முதலூர் வரை

பாளையங்கோட்டைக்கு வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது ஊசிக் கோபுரம்தான். 1826-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தூய திரித்துவ ஆலயத்தை ஊர் மக்கள் அந்தப் பெயராலேயே அறிவார்கள்; திருநெல்வேலித் திருச்சபையின் கதையைச் சொல்லத் தொடங்குகிறவர்களும் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். அந்த ஆலயத்தைவிட நாற்பது ஆண்டு மூத்த ஒரு சிறிய கோவிலைப் பார்க்கவே நான் இந்தப் பயணத்தை மேற்கொண்டேன்.

பழைய கோட்டையில் இன்று வாசல் பகுதிகளைத் தவிரப் பெரிதாக எதுவும் எஞ்சவில்லை. அந்தக் கோட்டைக்குள் 1785-இல் எழுந்த கிளாரிந்தா ஆலயம் இன்றும் நிற்கிறது. பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றால்தான் பழைய ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும். அடக்கமான கட்டடம், எதிரே நின்றால் அதன் முழு முகப்பும் ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறது. இதைக் கட்டுவித்த கிளாரிந்தா, தஞ்சாவூரைச் சேர்ந்த மராட்டிய பிராமணக் குடும்பத்து விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்த அவர், அவரிடமிருந்தே வேதத்தைக் கற்றார். திருமணமாகாமல் சேர்ந்து வாழ்வதைக் காரணம் காட்டி, மிஷனரி சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ், அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து கிளாரிந்தா என்று பெயரிட்டார்.

மறுக்கப்பட்ட அந்த ஆண்டுகளை நான் சாதாரணமாகக் கடந்து போக விரும்பவில்லை. பிறந்த சாதியும் ஏற்காமல், நாடி வந்த சபையும் வாசலிலேயே நிறுத்தி வைத்த காலத்தில், தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் உறுதியில்தான் இந்தத் திருச்சபை வேர்விட்டது. 1780-ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் 40 பேருடைய பெயர்கள் உள்ளன. அவற்றுள் முதலாவதாக இருப்பது கிளாரிந்தாவின் பெயர். வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்தவர்கள் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருப்பதை, அந்தக் காலத்தின் கட்டுப்பாடுகளை அறிந்தவர்கள் எளிய செய்தியாகக் கொள்ள மாட்டார்கள். பிற்காலத்தில் தஞ்சையில் கிறிஸ்தவக் கவிஞராகப் புகழ்பெற்ற வேதநாயகம் சாஸ்திரியாரும் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவரே. 1785-இல் சுவார்ட்ஸ் அந்தச் சிறுவனைத் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார்.

கிளாரிந்தாவின் சபையைக் கவனித்துக்கொள்ள அனுப்பப்பட்டவர் சத்தியநாதன் என்னும் தமிழ் உபதேசியார். 1790-இல் தஞ்சாவூரில் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. அன்று அவர் தமிழில் செய்த பிரசங்கம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு லண்டனில் அச்சேறியது. ஆனால் சபையின் பெருக்கம் கோட்டைக்குள் நிகழவில்லை. அது தெற்கே, பனங்காட்டில் நிகழ்ந்தது. ஆகவே நானும் சாத்தான்குளம் வழியாக முதலூருக்குப் புறப்பட்டேன்.

தேரிக்காட்டின் ஓரமாக நடந்தபோது, அந்தச் செம்மணலில் காலடி பதிந்த கணமே விளிம்பு சரிந்து குழி தூர்ந்துவிடுவதைக் கண்டேன். வெயில் ஏறிய பின் செருப்பையும் மீறி மணலின் சூடு உறைக்கிறது. இந்த நிலத்தில் ஒரு குடும்பம் பிழைக்கப் பனையைத் தவிர வேறு பெரிய ஆதாரம் அன்று கிடையாது. அந்தப் பனையும் பெரும்பாலும் ஏறுகிறவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. எனவே ஒரு பனையேறி ஞானஸ்நானம் பெற்றால், நிலமும் அதிகாரமும் உடையவர்களின் பகை அவருடைய பிழைப்பையே நேராகத் தாக்கியது.

சாத்தான்குளத்தை அடுத்த காலங்குடியைச் சேர்ந்த சின்னமுத்து, தஞ்சாவூருக்குப் போய் அங்கே கிறிஸ்தவராகி, டேவிட் சுந்தரானந்தம் என்ற பெயரோடு உபதேசியாராகத் தம் மக்களிடமே திரும்பினார். அவர் சொல்லைக் கேட்டுச் சபையில் சேர்ந்தவர்கள் அடிபட்டார்கள். ஓலை வேய்ந்த ஜெபவீடுகள் கொளுத்தப்பட்டன. இனியும் சிதறிக் கிடந்தால் பிழைக்க வழியில்லை என்று உணர்ந்த அவர், 1799-இல் நிலம் வாங்கி, துரத்தப்பட்டவர்களை அங்கே குடியேற்றினார். அந்தக் குடியிருப்பே முதலூர். தாக்க வருகிறவர்களைத் தடுக்க இளைஞர்களைத் தடிக்கம்புகளோடு திரட்டினார் என்றும் சொல்லப்படுகிறது. அதைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. எரிந்த வீட்டுக்குப் பக்கத்தில் நின்றவர் அவர். 1806-ஆம் ஆண்டளவில் அவர் காணாமற்போனார். எதிரிகள் நஞ்சிட்டுக் கொன்றனர் என்பதே இப்பகுதி மக்களின் நம்பிக்கை.

1802-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதற்குப் பின் வந்த பத்தாண்டுதான் என்னை மிகவும் ஈர்த்தது. சுவார்ட்ஸ் 1798-இல் இறந்திருந்தார். இப்பகுதிக்கு அனுப்பப்பட்ட மற்றொரு மிஷனரியான யேனிக்கே 1800-இல் இறந்தார். அதன் பிறகு இப்பகுதியில் நிலையாகத் தங்கி ஊழியம் செய்ய ஐரோப்பிய மிஷனரிகள் அரிதாகவே இருந்தனர். 1811-ஐ ஒட்டிக் கொள்ளைநோயும் வந்தது. பலர் விலகிப் போனார்கள். ஆயினும் 1816-இல் பாளையங்கோட்டைப் படைக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப், ஊர் ஊராகச் சென்று விசாரித்தபோது ஏறத்தாழ 3,000 கிறிஸ்தவர்கள் எஞ்சியிருந்தார்கள். மேற்பார்வையும் பணமும் அற்றுப்போன நிலையில் சபையைக் காத்தவர்கள் நாட்டுக் குருமார்களும் உபதேசியார்களும், ஓலையில் எழுதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாத்தியார்களும்தான். அவர்களில் பலருடைய பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

ஹஃபின் வேண்டுகோளின் பயனாக 1820-இல் ரேனியஸ் என்னும் மிஷனரி வந்தார். அவர் 1835-இல் தம் மிஷன் சங்கத்தோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் விலக்கப்படுமுன், அவருடைய பொறுப்பிலிருந்த சபையாரின் எண்ணிக்கை 10,000-ஐக் கடந்திருந்தது. அவருடைய பணிகளில் நான் பெரிதாக மதிப்பது 1830-இல் தொடங்கிய தர்ம சங்கத்தை. துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கி ஊர் அமைக்க, சபையாரிடமிருந்தே காசு திரட்டிய அமைப்பு அது. சுந்தரானந்தம் முதலூரில் செய்து காட்டியதையே ரேனியஸ் முறைப்படுத்தி விரிவாக்கினார் என்று எனக்குத் தோன்றுகிறது. மெய்ஞ்ஞானபுரத்தின் உயர்ந்த கோபுரமும், கால்டுவெல் கட்டி 1880-இல் பிரதிஷ்டை கண்ட இடையன்குடி ஆலயமும் இதற்கெல்லாம் பிற்பட்டவை. அவற்றின் அழகைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்வேன். பெரிய ஆலயங்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாப்பாத்தி அம்மாள் கோவில், அடுத்து முதலூர், அதன்பின் பாளையங்கோட்டை அடைக்கலாபுரத்தில் உள்ள ரேனியஸின் கல்லறை என்று வரலாறு நடந்த வரிசையிலேயே போங்கள். நேரம் இருந்தால் வெள்ளாளன்விளைக்கும் செல்லுங்கள்; 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முன்னின்றவரும், 1912-இல் தோர்ணக்கல்லின் பேராயரானவருமான வே. ச. அசரியா பிறந்த ஊர் அது. சாத்தான்குளம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போக, வெயில் ஏறுமுன் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது.