மண்டபத்தில் எந்த மாதம் எந்தக் கரையில் குளிக்கலாம்

கனடாவில் வின்னிபெக்கில் இருக்கும் அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "அத்தை, டிசம்பர்ல வர்றோம். அப்ப கடல் தண்ணி எத்தனை டிகிரி இருக்கும்? பிள்ளைங்க நீந்தலாமா?"

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மண்டபம் ஊரில் யாரும் கடலைப் பற்றி டிகிரி கேட்பதில்லை. காற்று என்ன காற்று என்றுதான் கேட்போம். ஆனால் அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அவள் ஊருக்கு வடக்கே உள்ள வின்னிபெக் ஏரி நவம்பரில் உறைந்தால் பனிக்கட்டி முழுக்க விலக மே மாதம் ஆகிவிடும். ஜூலைக் கடைசியில் தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் சனம் எல்லாம் ஏரிக்கரையில்தான் கிடக்குமாம். அங்கே டிகிரிதான் முதல் கேள்வி. அவளுக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. இங்கே குளிக்க வருகிற மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று போடுகிறேன்.

எங்கள் கடல் வருஷம் முழுக்க ஐந்தாறு டிகிரிக்குள்தான் ஏறி இறங்கும். டிசம்பர், ஜனவரியில் 26, 27. ஏப்ரல், மே மாதங்களில் 31, 32. மீன் தொட்டிக்குப் போடும் வெப்பமானி ஒன்றைத் தங்கூசி நரம்பில் கட்டி வைத்திருக்கிறேன். அதைத் தண்ணீரில் இறக்கும்போதெல்லாம் வலை தைக்கும் பெரியவர் ஒருவர், "என்னம்மா, மீனுக்குக் காய்ச்சலா?" என்பார்.

அவர் கேலியில் விஷயம் இருக்கிறது. இங்கே குளிப்பதா வேண்டாமா என்பதைக் காற்றும் கரையும்தான் முடிவு செய்யும். மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்கே வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வோம். ஊரின் குறுக்கே நடந்தே ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் போய்விடலாம். இரண்டும் ஒரே நாளில் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். வடக்குக் கடலில் பெரும்பாலும் 13 மீட்டருக்கு மேல் ஆழம் கிடையாது. வின்னிபெக் ஏரியின் சராசரி ஆழமும் 12 மீட்டர்தான். ஆழமில்லாத தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சுடும், காற்றில் சீக்கிரம் கலங்கும். தெற்கே அப்படியில்லை. தீவுகளையும் பாரையும் (கடலடிப் பாறைத்திட்டு) தாண்டிப் போகப் போக ஆழம் இறங்கிக்கொண்டே போகும்.

சரி, டிசம்பருக்கு வருவோம். அது வடகிழக்குக் காற்றான வாடை வீசும் காலம். வடகரையில் அலை எழும்பி, தண்ணீர் சேறாகி, அறுந்த கடற்புல் கரையில் குவியலாகக் கிடக்கும். அதே நாளில் தென்கரை மறைவில் இருப்பதால் அமைதியாக இருக்கும். ஆக, பிள்ளைகளைத் தெற்கே கூட்டிப் போகலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். கரை அமைதியாக இருப்பதற்குக் காரணம் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதுதான். காற்றடைத்த டியூப், மிதவைப் பொம்மை எதுவும் கூடாது. பிள்ளையோடு சேர்த்துச் சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோய்விடும். அலையடிக்கும் கடலில் எல்லோரும் பயந்து கவனமாக இருப்பார்கள். இந்த மாதிரிக் கடலில்தான் அசந்துபோவார்கள்.

26 டிகிரி குளிரா என்று சிரிக்க வேண்டாம். என் பெரியம்மா பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிறவர். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் தீவுப் பக்கம் போவார்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. பாறை கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் பழைய துணியைக் கிழித்துச் சுற்றிக்கொள்வார். மூச்சைப் பிடித்து முங்கி முங்கி மூன்று நான்கு மணி நேரம். மார்கழியில் கரையேறும்போது பல் தந்தியடிக்கும், சுற்றிய துணியை அவிழ்க்க விரல் மடங்காது. அவர் மருமகள்தான் அவிழ்த்து விடுவாள். உடம்புச் சூட்டைத் தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக இழுத்துவிடும். பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் போதும்.

என்னைக் கேட்டால் பிப்ரவரி பிறந்தது முதல் ஏப்ரல் பாதி வரைதான் இந்தக் கரைக்குக் காலம். வாடை ஓய்ந்து, தென்மேற்குக் காற்றான கச்சான் இன்னும் கிளம்பாத நேரம். இரண்டு கடலும் படுத்துக் கிடக்கும். இலங்கையின் தலைமன்னாருக்கும் இந்தப் பக்கம் தனுஷ்கோடிக்கும் இடையே நீந்தியவர்கள் கணக்கைப் பாருங்கள். மிஹிர் சென் 1966 ஏப்ரலில் 25 மணி நேரத்துக்கு மேல் நீந்தி வந்து சேர்ந்தார். ஆட்டிசம் உள்ள 13 வயது ஜியா ராய் 2022 மார்ச்சில் சுமார் 29 கிலோமீட்டரை 13 மணி நேரம் 10 நிமிடத்தில் கடந்தாள். மார்ச், ஏப்ரல் என்று மாதங்கள் இப்படி ஒத்துப்போவது தற்செயல் இல்லை. இந்த மாதங்களில் சொறிமீன் (ஜெல்லிமீன்) வரும் என்பது ஒன்றுதான் குறை. பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீரிலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

மே மாதத்தில் கடல் அமைதியாகவே இருக்கும் நாட்களிலும் பகலில் நான் இறங்குவதில்லை. வடகரையில் முழங்கால் தண்ணீர் மதியம் வடித்த கஞ்சி மாதிரி இருக்கும். என் வெப்பமானி 34 காட்டியிருக்கிறது. உலக நீச்சல் சம்மேளன விதிப்படி 31 டிகிரிக்கு மேல் போனால் திறந்தவெளி நீச்சல் போட்டியே நடத்தக் கூடாது. சூடான தண்ணீரில் கை வீசி நீந்தினால் உடம்புச் சூடு வெளியேற வழியில்லை, வியர்ப்பதும் தெரியாது. 2010லும் 2016லும் இந்தச் சூட்டில்தான் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்துப்போயின. மே மாதம் வருகிறவர்கள் விடியற்காலையில் முடித்துக்கொள்ளுங்கள். ஒரு லாபம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுத் தொல்லை இருக்காது.

ஜூன் முதல் கச்சான். தெற்கே நிற்கவே முடியாது, மணல் முகத்தில் அறையும். அப்போது எல்லாம் தலைகீழ். அரியமான் கடற்கரைப் பக்கம் வடகடல் தட்டையாகக் கிடக்கும். டியூப் விஷயம் இங்கேயும் அதேதான். காலடியில் மணலில் திருக்கை புதைந்து கிடக்கலாம். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். செப்டம்பர், அக்டோபரில் சில வருஷம் தண்ணீர் பச்சையாகி நாறும். பூங்கோரை என்பார்கள். 2019 செப்டம்பரில் இதனால் மீன்கள் செத்து ஒதுங்கின. அந்தப் பச்சையைக் கண்டால் கால்கூட நனைக்க வேண்டாம்.

எந்த மாதமானாலும் வேண்டாத இடம் இரண்டு. பாம்பன் பாலத்துக்கு அடியில் நீரோட்டம் இழுக்கும். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனையில் இரண்டு கடலும் மோதுவதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

நவம்பரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மழை, புயல் எச்சரிக்கைக் கூண்டு, காப்பி நிறத்தில் கடல். அந்த மாதம் எனக்கு வீட்டுக் கிணற்றோடு சரி.